தகர அரண்மனை விருத்தாந்தம்

ராசிபுரம்,
தாது வருஷம் சித்திரை மாதம் 24ஆம் தேதி, புதன்கிழமை.

சிரஞ்சீவி சரவணமுத்துவுக்கு, உன் அப்பன் கண்ணை மூடிய நாள் முதல் உன்னைத் தோளில் சுமந்து வளர்த்த சித்தப்பன் மருதாசலம் சகல ஆசீர்வாதமும் சொல்லி, அதோடு அடக்க முடியாத கோபத்தையும் சேர்த்துக் கட்டி ரங்கூனுக்கு அனுப்பிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம், உன் சித்தி காளியாத்தாள் சுகம், வெள்ளாடு இரண்டு குட்டி போட்டு மூன்று உயிரும் சுகம். அவ்விடம் துணிக்கடையில் மின்சார விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நீயும் சுகமாகத்தான் இருப்பாய், அதற்கு ஒன்றும் குறைச்சல் இராது. உன் அம்மா சுகமா என்று கேட்பாயானால் அது தனிக் கதை. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன், உலகத்தில் ஒருவனும் நம்பாத கதை, நீயும் நம்ப மாட்டாய், நம்பவும் வேண்டாம், நம்புகிற மாதிரி எழுத எனக்கு உத்தரவு இல்லை. ஏன் இல்லை என்பது கடைசியில் தெரியும். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், ஆனால் சித்தப்பன் சிரித்துக்கொண்டே எழுதுகிறான் என்று மட்டும் நினைத்துவிடாதே. பேனாவை அழுத்துகிற அழுத்தில் காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்திருப்பதைத் தடவிப் பார்.

போன தை மாதம் நீ பணம் அனுப்பி, மழைக்கு ஒழுகுகிற நாட்டு ஓட்டை இறக்கிவிட்டு வீட்டுக்குத் தகரக் கூரை போடச் சொன்னாய். போட்டோம். அந்தக் கூரையின் பிரதாபத்தைக் கேள். மாசி மாத வெயில் அதன் மேல் பட்டதும் எழும்பிய பளபளப்பு சேலத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி வரை அடித்து, அங்கே வண்டி மாடுகள் மத்தியானத்தில் இன்னொரு தரம் விடிந்துவிட்டது என்று நினைத்து நுகத்தடிக்குத் தாமாகவே கழுத்தைக் கொடுத்தன. ஏற்காட்டு மலையில் ஒரு துரைசானி கண் கூசுகிறது என்று ஜன்னலுக்கு மூன்று திரை போட்டுவிட்டாளாம். பங்குனியில் ஒரு காக்கை தெரியாத்தனமாகத் தகரத்தின் மேல் உட்கார்ந்து, கால் வெந்து, கொல்லிமலை வரை ஆகாயத்திலேயே நொண்டிக்கொண்டு போயிற்று. உன் அம்மா வளர்க்கிற செவலைக் கோழி பரண் மேல் ஏறி முட்டையிட்டது, எடுத்து உடைத்தால் அவித்த முட்டை, உப்பு மட்டும் நாம் போட்டுக்கொண்டால் போதும். எதிர்வீட்டுச் சென்னம்மாள் ஒரு சட்டி வெண்ணெயை நம் வீட்டு உறியில் வைத்துவிட்டு அரை நாழிகை கழித்து நெய்யாக எடுத்துப் போனாள், விறகுச் செலவு இல்லை. இது தெரிந்ததும் ராசிபுரத்து நெய் வியாபாரிகள் பிழைப்புப் போயிற்று என்று மகஜர் எழுதிக்கொண்டு திரிகிறார்கள். நாமக்கல் ஆஞ்சநேயர் தலைக்கு மேல் கூரையே வேண்டாம் என்று இத்தனை காலமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறாரே, அது ஏன் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. ரங்கூனிலிருந்து எவனாவது தகரத்துக்குப் பணம் அனுப்பிவிடுவான் என்கிற பயம்தான்.

வெயில்தான் இப்படி, மழை வந்தால் தேவலை என்று பார்த்தால் பங்குனிக் கடைசியில் ஒரு கோடை மழை அடித்தது. கால் நாழிகை மழைதான். அந்தச் சத்தத்தில் சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ் நம் தெருமுனையில் நின்றுவிட்டது, டிரைவர் தன் இஞ்சின்தான் உடைந்து சிதறுகிறது என்று கீழே குதித்து வயலுக்குள் ஓடினான். மழை விட்ட பிறகுதான் நிஜமான கூத்து. தகரக்காரன் தகரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று தாழ்வாரம் இல்லாமல் சுவரோடு ஒட்ட வெட்டிவிட்டான், ஆகவே கூரையிலிருந்து விழுந்த தண்ணீர் அத்தனையும் நேரே சுவரின் பாதத்தில் விழுந்து ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைத் தின்றுவிட்டது. மண் சுவருக்கு மேலே தொப்பியும் கீழே செருப்பும் சரியாக இருக்க வேண்டும், இடையில் அது நூறு வருஷம் நிற்கும். முழங்கை நீளத்துக்கு வெளியே நீட்டிய ஓட்டுத் தாழ்வாரத்தை உன் அப்பனும் நானும் அழகுக்கா வைத்தோம்? அந்தச் சுவரை எழுப்பிய ரங்கன் வந்து பார்த்தான். செம்மண்ணையும் வைக்கோலையும் போட்டு எட்டு நாள் மிதித்து, ஒரு முழம் வைத்து, அது காய்ந்த பிறகு அடுத்த முழம் வைத்து, ஒரு கோடை முழுக்க நின்று எழுப்பியவன் அவன். பாதம் அரிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, ஏனுங்க சாமி, செவுத்துக்குத் தலைப்பாக் கட்டச் சொன்னா கொப்பரையைக் கவுத்துப்போட்டீங்களே, உள்ளே இருக்கிறது ஆளுங்களா வறுக்கற கடலைங்களா என்று கேட்டான். அந்தக் கேள்வியை உன் சித்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறாள்.

இப்போது உன்னைத் திட்டப் போகிறேன், நிமிர்ந்து உட்கார். அடே, நீ செட்டி வீட்டில் பிறந்தாயா, தட்டான் வீட்டில் பிறந்தாயா? தறிக்காரன் வீட்டில் பிறந்து, பாவு நூலின் வாசனையில் வளர்ந்து, பட்டுக்கு ஈரக் காற்று வேண்டும் என்பதை மறந்துபோனாயே, இதை எங்கே போய்ச் சொல்ல? நம் வீட்டில் ஜன்னல் ஏன் சின்னது, தரை ஏன் மண், ஓட்டுக்குக் கீழே ஏன் பனையோலை ஒரு வரிசை, தறி ஏன் குழிக்குள் கால் தொங்கப் போட்டு நெய்கிற குழித்தறி? எல்லாம் நூல் காயாமல் இருக்கத்தான். ரங்கூனில் வருஷத்தில் ஆறு மாதம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுமாம், அந்த ஊருக்குத் தகரம் சரியாக இருக்கலாம், எனக்குத் தெரியாது, நான் அந்த ஊருக்குப் புத்தி சொல்ல வரவில்லை. இந்த ஊரில் ஊற்றுவது வெயில். தகரம் போட்ட பத்தாம் நாள் உன் அப்பன் தறியில் நான் ஒரு கல்யாணப் புடவைக்குப் பாவு ஏற்றினேன். நூல் அறுந்த சத்தம் இருக்கிறதே, படபடவென்று சீனிவெடி மாதிரி, தெரு நாய்கள் தீபாவளி வந்துவிட்டது என்று எடப்பாடிப் பக்கம் ஓடிப்போய் இன்னும் திரும்பவில்லை. தரையில் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தோம், ஈரச் சாக்குத் தொங்கவிட்டோம், தெளித்த தண்ணீர் தரையைத் தொடும் முன்னே ஆவியாகி மேலே போயிற்று. நெய்த அளவைவிட முடிச்சுப் போட்ட அளவு அதிகம். கடைசியில் பாவை அறுத்துச் சுருட்டி என் வீட்டுத் தறிக்குக் கொண்டுவந்துவிட்டேன், என் வீட்டில் இன்னும் ஓடு இருக்கிறது, அந்த மட்டுக்கும் நீ எனக்குக் கருணை காட்டினாய். உன் அப்பன் தறிக்குழி வெறுங்குழியாகக் கிடக்கிறது.

உன் மேல் மட்டும் பழியைப் போட்டால் என் நாக்கு அழுகிவிடும், ஆகையால் இதையும் எழுதுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து தகரம் வண்டியில் வந்தபோது ஊர் எல்லையில் மேளக்காரனை நிறுத்தி, வண்டிக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாமி ஊர்வலம் மாதிரி நடந்து வந்த மகானுபாவன் யார் என்று நினைக்கிறாய்? உன் சித்தப்பன்தான். நான் கத்தும்போதெல்லாம் உன் சித்தி, தகரத்துக்கு முன்னாலெ மேளம் கொட்டிக்கிட்டு வந்தது ஆருங்க, பக்கத்தூட்டு ஆடுங்களா என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறாள். இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஓடு ஒழுகியது ஓட்டின் குற்றமல்ல. வருஷா வருஷம் புரட்டாசியில் மேலே ஏறி, குரங்கு நகர்த்திய ஓட்டைச் சரிசெய்து, உடைந்ததை மாற்றி, ஓலையைப் புதுசாக விரிக்க வேண்டியவன் நான். அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று நாலு வருஷம் தள்ளினேன். நீ ரங்கூனுக்குக் கிளம்பிய ஐப்பசியில் உன் அம்மா ராத்திரி முழுக்கச் சட்டியும் குண்டானும் நகர்த்திக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் நீ கப்பல் ஏறினாய், இனி என் அம்மா சட்டி வைக்கக் கூடாது என்று அந்த நினைப்பில்தான் பணம் அனுப்பினாய். எனக்குத் தெரியும். உன் மனசைக் குறை சொல்லவில்லை. மனசு வேறு, தகரம் வேறு.

ஆனால் பங்குனியில் நீ உன் அம்மாவுக்கு எழுதினாயே இரண்டாவது கடிதம், அதற்குத்தான் இந்த ஆத்திரமெல்லாம். படிக்கத் தெரியாத அவளுக்கு அதை நான்தான் படித்துக் காட்டினேன், படிக்கப் படிக்க எனக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. கொல்லையில் அடுக்கி வைத்திருக்கிற பழைய நாட்டு ஓட்டை ஆத்தூர் வியாபாரிக்கு விற்றுவிட வேண்டுமாம், அவனுக்கு நீயே நேரில் எழுதிவிட்டாயாம். அம்மா இனிமேல் தறிப்பக்கம் போக வேண்டியதில்லை என்பதால் தறியைப் பிரித்து, குழியை மண் போட்டு மூடி, வீடு முழுக்கச் சிமிட்டித் தரை போட வேண்டுமாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? வைகாசி ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை ஓட்டு வண்டியும் வருகிறது, அதே நாளில் குழி மூடக் கொத்தனும் வருகிறான். ஓடு போய்விட்டால் அப்படிப்பட்ட ஓட்டை இப்போது சுட்டுக் கொடுக்க ஆள் இல்லை, இருந்தாலும் அத்தனை ஓடு சேர இரண்டு வருஷம் ஆகும். குழி போய்விட்டால் என்ன ஆகும் என்பதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

உன் அம்மாவிடம் போய், அண்ணி, இந்தத் தகரத்தை இறக்கிவிட்டு மறுபடி ஓட்டை ஏற்றுகிறேன், ரங்கனும் நானும் பத்து நாளில் முடித்துவிடுவோம், தாழ்வாரத்தையும் பழையபடி இழுத்துவிடுவோம், சரவணனுக்கு நான் எழுதிக்கொள்கிறேன் என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? கொழுந்தனாரே, எம்பையன் கடல் தாண்டிப் போயி சம்பாரிச்சுப் போட்ட கூரை, அதுல ஒரு ஆணியை எவன் தொட்டாலும் அவன் கைக்குக் கொள்ளி வெப்பேன், அவன் வாயால எறக்குன்னு சொல்லட்டும், அப்பறம் பேசுங்க என்றாள். சரி, பகலில் மட்டுமாவது எங்கள் வீட்டில் வந்து இருங்கள் என்று உன் சித்தி கூப்பிட்டாள். எம்பையன் கட்டின ஊட்டை உட்டுப்போட்டு ஊரான் ஊட்டுல ஒண்டோணுமா, எனக்கு ஒண்ணும் வேகலே, போடி என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, சரவணா. புருஷன் செத்த பிறகு இந்தத் தெருவில் பதினாறு வருஷம் அவள் வீட்டை யாரும் நின்று பார்த்ததில்லை. இப்போது செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வருகிற ஜனம் அத்தனையும் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறது, அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ரங்கூன் தகரமுங்க, கப்பல்லே வந்துச்சுங்க என்கிறாள். செவ்வாய்ப்பேட்டைத் தகரம் என்று நான் ஒருவனிடமும் சொல்லவில்லை.

அப்படி வேகாதவள் பகலெல்லாம் எங்கே இருந்தாள் என்று கேள். கத்திரி வெயில் தொடங்குவதற்கு ஒரு வாரம் முந்தியே உன் அம்மா மத்தியானம் ஆனால் கண்ணில் படுவதில்லை. அடுக்களையில் இல்லை, கொல்லையில் இல்லை. ஒருநாள் நான் எட்டிப் பார்த்தால், உன் அப்பன் தறிக்குழிக்குள் இறங்கி, முதுகைச் சுவரில் சாய்த்து, தலையில் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த வீட்டில் குளிர்ச்சி மிச்சமிருப்பது அந்தக் குழி ஒன்றில்தான். என்னைக் கண்டதும், இங்கே நூல் சுத்தின தார்க்குச்சி ஒண்ணு உழுந்துபோச்சுங்க, தேடறேன் என்றாள். மறுநாளும் தார்க்குச்சி. அதற்கு மறுநாளும். அந்தத் தார்க்குச்சி பூமிக்குள் வேர்விட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் அதைத் தேடித் தேடிக் குழிக்குள் கீழே கீழே போய், போன திங்கட்கிழமை, கத்திரி பிறந்த அன்றைக்கு, பாதாள லோகத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். அங்கே ஆதிசேஷன் படத்துக்கு விசிறி போட்டுக்கொண்டு, அம்மணி, மேலே உம்மகன் என்னத்தைப் போட்டிருக்கான், என் ஆயிரம் தலையும் வலிக்குது என்று கேட்டானாம். நான் உச்சிப் பொழுதில் போய்க் குழிக்குள் தலையை நீட்டி அண்ணி அண்ணி என்று கூப்பிட்டேன், பதில் இல்லை. குமாரபாளையத்திலிருந்து கயிறு, ரங்கனின் இரண்டு ஜோடி எருது, மேட்டுத்தெரு ஆம்பிள்ளைகள் பதினாறு பேர், எல்லாரும் சேர்ந்து இழுத்தோம், கயிறு மூன்று தரம் அறுந்தது, பொழுது சாய்கிற வேளைக்குத்தான் உன் அம்மா பாதாளத்திலிருந்து வெளியே வந்தாள். வந்து கண் விழித்ததும் ஆதிசேஷனுக்கு மோர் கொடுத்தீர்களா என்று கேட்டாள்.

இனி நீ செய்ய வேண்டியதைக் கேள். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே தந்தி அடி. நீளமாக வேண்டாம், உன் பெயரில் அம்மாவுக்கு, கூரையை இறக்கு, குழியை மூடாதே, அவ்வளவு போதும். கொத்தனுக்கும் ஓட்டு வியாபாரிக்கும் வேண்டாம் என்று சொல்வது என் பொறுப்பு, அவர்களைப் பயமுறுத்த எனக்குப் பொய்க்கா பஞ்சம். இறக்கின தகரம் வீணாகாது, மாட்டுக் கொட்டகைக்கும் அல்ல, மாடு என்ன பாவம் செய்தது, கொல்லையில் விறகு நனையாமல் போட்டுவிடலாம், அதுவும் உன் தகரம்தான் என்று உன் அம்மா பெருமையாகக் காட்டிக்கொள்ளட்டும். புரட்டாசி தோறும் ஓட்டின் மேல் நான் ஏறுவேன், இது மட்டும் அடுத்த வாரம் ஆகாது, ஏறாவிட்டால் உன் சித்தி ஏணியோடு என்னைத் தூக்கி எறியட்டும். நீ வாரம் ஒரு தரம் எண்ணெய் தேய்த்துக் குளி, மழையில் நனைந்த செருப்போடு கடையில் உட்காராதே, அந்த ஊர் மீன் கருவாட்டை எல்லாம் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. கோபத்தில் எழுதினதை மனசில் வைக்காதே, அல்லது வை, தந்தி அடிக்கிற வரைக்கும் வை. நம் தெரு மாரியம்மன் உன்னைக் கண்ணுக்கு இமையாகக் காக்கட்டும், நீ நூறு வயசு இருந்து உன் பிள்ளைகளுக்குக் குளிர்ந்த வீடாகக் கட்டிக் கொடு.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை நடந்ததை உனக்கு எழுதக் கூடாது என்று உன் அம்மா என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நிஜத்தை எழுத மாட்டேன் என்றுதான் சத்தியம், பொய்யை எழுத மாட்டேன் என்று அல்ல. ஆகவே காக்கை பொய், கோழி பொய், ஆதிசேஷன் பொய், பதினாறு ஆம்பிள்ளைகளும் பொய். அவள் குழிக்குள் நினைவு தப்பிக் கிடந்தது மட்டும் மெய். கயிறு இல்லை, எருது இல்லை, நான் ஒருவன்தான் இறங்கி இரண்டு கையிலும் எடுத்தேன். கனமே இல்லையடா, சரவணா.

இப்படிக்கு,
தந்திக்காகத் தபாலாபீஸ் வாசலிலேயே காத்திருக்கும்
உன் சித்தப்பன்
மருதாசலம்